சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ எவ்வளவு தூரம்? விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்தால் சுமார் 13,900 கிலோமீட்டர். அந்த நூல் இமயமலை, மங்கோலியா, சைபீரியா என்று வடக்கே ஏறி இறங்கும். ஆனால் நேரடி விமானம் கிடையாது. துபாயில் மாறினால் கிட்டத்தட்ட 16,000 கிலோமீட்டர்: துபாய் வரை 4 மணி நேரம், அங்கிருந்து 16 மணி நேரம். சிங்கப்பூரில் மாறினால் தூரம் இன்னும் கொஞ்சம் கூடும். அந்த வழியில் சென்னைக்குத் திரும்பும்போது ஒன்றரை மணி நேரம் அதிகமாகும், பசிபிக் மேலே எதிர்க்காற்று.

நீங்கள் அம்மாவையோ அப்பாவையோ அமெரிக்காவுக்கு அழைக்கப் போகிறீர்கள் என்று நினைத்துச் சொல்கிறேன். டிக்கெட்டில் இருக்கும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

என் மகள் பிறந்தபோது, ஜூன் மாதம், அம்மா மன்னார்குடியிலிருந்து துபாய் வழியாக இங்கே சான் பிரான்சிஸ்கோவுக்குத் தனியாக வந்தார். வயது 68. அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் ஏறி அதே தேதியில் பகல் 2 மணிக்கு இறங்கினார். பார்த்தால் பத்து மணி நேரம் போலத் தெரியும். கோடையில் சென்னைக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், ஆக உண்மையில் 22½ மணி நேரம். முந்தின நாள் மதியம் 2 மணிக்கே வீட்டைப் பூட்டிக் காரில் ஏறிவிட்டார். இங்கே இமிகிரேஷன் வரிசை முடிந்து வெளியே வந்தபோது 38 மணி நேரம் தாண்டியிருந்தது.

கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. ஜன்னலோர சீட் என்றால் சந்தோஷப்படுவார் என்று நான்தான் போட்டேன். பக்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு, அந்த 16 மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார். பாத்ரூம் போக வேண்டிவரும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. சைவச் சாப்பாடு என்று நான் முன்கூட்டியே குறிக்காததால் பன்னும் பழமும்தான். இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

அடிக்கடி பறக்கிறவர்கள் 22 மணி நேரமெல்லாம் ஒரு விஷயமா என்பார்கள். அவர்களுக்கு இல்லை, சரி. முதல் தடவை விமானம் ஏறும் அம்மாவுக்கு அது பெரிய விஷயம். நடைவழி ஓர சீட், வீல்சேர், சைவச் சாப்பாடு மூன்றையும் டிக்கெட் போடும்போதே சொல்லிவிடுங்கள். மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும், இருநூறு டாலர் மிச்சம் என்று பிரித்துப் போடாதீர்கள்.

அப்புறம் பெயர். அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அதனால் அமெரிக்க விசாவில் அவர் பெயர் குடும்பப் பெயராகி, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யு' என்று வந்துவிட்டது. முதல் பெயர் தெரியாதவர் என்று அர்த்தம். அறுபத்தெட்டு வருஷமாக ஊரே கூப்பிடும் பெயர் அது! டிக்கெட்டும் விசாவும் ஒத்துப்போகவில்லை என்று சென்னை கவுன்ட்டரில் 40 நிமிடம் நிற்க வைத்தார்கள். அப்பா பெயரைத் தலைப்பெழுத்தாக வைத்துக்கொள்வது நம் வழக்கம், அதை ஏன் குறையாகப் பார்க்க வேண்டும்? உங்கள் அம்மாவின் பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சரிசெய்துவிடுங்கள்.