திடலில் இலவச வைஃபை: மாநகராட்சியிடம் எதற்கு அனுமதி, எதற்கு வேண்டாம்?

கேள்வி: அம்பத்தூரில் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பொங்கலுக்கு மாநகராட்சி விளையாட்டுத் திடலில் மூன்று நாள் விழா நடத்துகிறது. நாற்பது கடைகள், மாலையில் 2,000 பேர் வரை கூட்டம். போன வருடம் செல்போன் சிக்னல் திணறி, கடைகளில் யுபிஐ கூட ஓடவில்லை. இந்த முறை இலவச வைஃபை தர நினைக்கிறோம். மாநகராட்சியில் இதற்கு எந்தப் படிவம்? வீட்டு பிராட்பேண்டை இழுத்து ஒரு ரவுட்டர் வைத்தால் போதாதா?

பதில்: வைஃபைக்கு என்று மாநகராட்சியில் தனிப் படிவம் தேடி அலையாதீர்கள். அலைவரிசை மத்திய அரசின் பொறுப்பு. வைஃபை ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2005 முதலும், வைஃபைக்கான 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகள் 2018 அக்டோபர் முதலும் உரிமம் தேவையில்லாதவை. சக்தி வரம்பை மீறக்கூடாது, கருவிக்கு மத்திய வயர்லெஸ் பிரிவின் வகை ஒப்புதல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் முறையாக விற்கும் கருவிகளுக்கு அந்த ஒப்புதல் இருக்கும். வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டியில் போட்டுக் கொண்டு வந்ததை மட்டும் மாட்டாதீர்கள்.

மாநகராட்சியின் கையில் இருப்பது நிலம், கம்பம், சாலை, கேபிள். எனவே திடலை வாடகைக்குக் கேட்டு மண்டல அலுவலகத்தில் கொடுக்கும் அதே மனுவிலேயே இதையும் சேர்த்துவிடுங்கள். "இலவச வைஃபையும் உண்டு" என்று ஒரு வரி எழுதினால் அது எந்தப் பிரிவுக்குப் போவது என்றே தெரியாமல் கோப்பு சுற்றும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"விழா நாட்களில் திடலுக்குள் தற்காலிக இணைய வசதிக்காக நான்கு மீட்டர் உயரமுள்ள ஆறு இரும்புக் கம்பங்கள் நிறுத்தப்படும். தரையில் குழி தோண்டப்படாது. அடிப்பகுதியில் மணல் மூட்டைகள் வைக்கப்படும். மாநகராட்சித் தெருவிளக்குக் கம்பங்களிலோ மரங்களிலோ எதுவும் கட்டப்படாது. கேபிள் எதுவும் சாலையைக் கடக்காது. விழா முடிந்த மறுநாள் அனைத்தும் அகற்றப்படும்."

கூடவே கையால் வரைந்த ஒரு வரைபடம் போதும்: கம்பங்கள், மின்பலகை, தீயணைப்பு வண்டி நுழையும் வழி. படிக்கும் பொறியாளருக்கு மறுக்கக் காரணமே இருக்கக்கூடாது என்பதுதான் நோக்கம்.

அந்தக் கடிதத்தில் மிக முக்கியமான வாக்கியம் "கேபிள் சாலையைக் கடக்காது" என்பதுதான். பெரும்பாலானவர்கள் சிக்குவது இங்கேதான். தெருவிளக்குக் கம்பத்தில் அனுமதியில்லாமல் கட்டிய கேபிள்களை மாநகராட்சி அவ்வப்போது அறுத்து எடுக்கிறது. விழா நாளில் அது நடந்தால் உங்களுக்கு மாற்று வழியே கிடையாது. முறைப்படி கொண்டுவருவதென்றால் வழியுரிமை விண்ணப்பம், அதாவது பொது இடத்தில் கேபிள் கொண்டுசெல்ல அனுமதி கேட்கும் மனு வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தொலைத்தொடர்பு வழியுரிமை விதிகளின்படி, அதை உங்கள் சங்கம் போட முடியாது, இணைய நிறுவனம்தான் போட வேண்டும். முடிவெடுக்க அதிகபட்சம் 67 நாள் என்று விதி சொல்கிறது. மூன்று நாள் விழாவுக்கு இது தாங்காது. போதாததற்கு, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலை வெட்டுக்கும் சென்னையில் தடை போட்டுவிடுவார்கள்.

அதனால் திடலைச் சுற்றி ஒரு நடை போய்ப் பாருங்கள். ஏற்கெனவே ஃபைபர் இணைப்பு வந்திருக்கும் ஒரு பள்ளியோ கல்யாண மண்டபமோ அடுக்ககமோ கண்டிப்பாக இருக்கும். அதன் மொட்டை மாடியில் ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் (இணையத்தைக் காற்று வழியாக இன்னொரு முனைக்கு அனுப்பும் கருவி), திடலில் அதன் ஜோடி. சாலையின் மேலே கேபிளே இல்லாமல் இணையம் வந்துவிடும். கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம் ஒன்று போதும். இரண்டு முனைக்கும் நடுவே மரக்கிளை குறுக்கிடாமல் நேர்ப்பார்வை இருக்க வேண்டும், அதை மட்டும் பகலில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வீட்டு பிராட்பேண்ட் விஷயம். இது வேண்டவே வேண்டாம். 2008 ஜூலையில் அகமதாபாத் தொடர் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்னால் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டின் பூட்டாத வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டே, வைஃபையில் வருகிறவர் யார் என்று உறுதிசெய்த பிறகே இணையம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. நாம் இன்று பார்க்கும் ஓடிபி பக்கம் அதன் பிறகு வந்ததுதான். ஒரே பாஸ்வேர்டை பலகையில் எழுதி வைத்தால், கூட்டத்தில் யாரோ ஒருவர் செய்யும் காரியத்துக்கு போலீஸ் முதலில் வந்து நிற்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான். சங்கச் செயலாளரை அந்த நிலையில் நிறுத்தாதீர்கள்.

சட்டப்படி இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, உரிமம் பெற்ற இணைய நிறுவனத்திடமே மூன்று நாள் நிகழ்ச்சி இணைப்பாகக் கேட்பது. ஓடிபி பக்கம், பதிவுகளைப் பாதுகாப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். இன்னொன்று பிஎம்-வாணி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பொது வைஃபை திட்டம். இதில் உங்கள் சங்கமே பொது டேட்டா அலுவலகம், அதாவது வைஃபை தரும் இடம் ஆகலாம். அதற்கு உரிமமும் இல்லை, கட்டணமும் இல்லை. தொலைத்தொடர்புத் துறையில் பதிவு பெற்ற ஒருங்கிணைப்பாளரோடு சேர்ந்துகொண்டால், பயனரை அங்கீகரித்து அனுமதிப்பதும் கணக்கு வைப்பதும் அவர்கள் வேலை. இந்தத் திட்டத்தில் 200 எம்பிபிஎஸ் வரையிலான இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2025 ஜூனில் வரம்பும் வைத்துவிட்டது. ஆண்டுதோறும் விழா நடத்துகிற சங்கத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

ஓடிபியில் ஒரு சிக்கல் இருக்கிறது. செல்போன் கோபுரம் திணறுகிறது என்பதால்தானே வைஃபை வைக்கிறீர்கள்? அதே நெரிசலில் ஓடிபி எஸ்எம்எஸ்ஸும் தாமதமாகும். ஆகவே கடைக்காரர்களை விழாவுக்கு முந்தைய நாளே பதிவு செய்துவிடுங்கள். அவர்களுக்குத் தனி நெட்வொர்க் பெயர் கொடுத்து, கொஞ்சம் வேகத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கச் சொல்லுங்கள். யுபிஐக்குத் தேவைப்படும் டேட்டா மிகக் குறைவு, ஆனால் தடங்கல் கூடாது. வீடியோ பார்க்கிறவர்களோடு அதை ஒரே வரிசையில் நிற்க விட்டால் போன வருடக் கதைதான். வருகிறவர்களுக்கு பிஎம்-வாணி செயலியை முன்கூட்டியே நிறுவச் சொல்லி அழைப்பிதழிலேயே போடலாம். திரட்டுகிற போன் எண்களை மட்டும் ஸ்பான்சரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கம்பத்தின் உயரம் நான்கு மீட்டர் என்று எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மனித உடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாக உறிஞ்சும். காலித் திடலில் பிரமாதமாக ஓடிய வைஃபை, கூட்டம் வந்ததும் செத்துப்போவதற்கு இது ஒரு காரணம். தலைகளுக்கு மேலிருந்து கீழ்நோக்கி வீசட்டும். அந்தப் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மட்டுமே, எனவே பெரும் சுமையை 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தள்ளுங்கள். ஒரு கருவிக்கு ஐம்பது அறுபது பேருக்கு மேல் கணக்குப் போடாதீர்கள். இணையத்தைக் கம்பங்களுக்குப் பிரித்து அனுப்பும் நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து கம்பம் வரை கேபிள் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது. செல்போன் சிக்னல் பூஸ்டர் வாங்கி மாட்டலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். தனியார் அதை வைத்திருப்பதே சட்டவிரோதம், பக்கத்துக் கோபுரத்தையும் கெடுக்கும்.

போலீஸ் அனுமதியில் ஒரு விவரம். உங்கள் திடல் சென்னை மாநகராட்சியின் 7-வது மண்டலத்தில் இருந்தாலும், அம்பத்தூர் 2022 முதல் ஆவடி காவல் ஆணையரகத்தில் இருக்கிறது. மனு அங்கே போக வேண்டும். வைஃபை தரும் நிறுவனத்தின் பெயரும், இரவிலும் பேசக்கூடிய ஒரு பொறுப்பாளரின் எண்ணும் மனுவில் இருந்தால் அவர்கள் கேள்வி பாதியாகக் குறையும். பந்தலுக்கான தீயணைப்புத் துறைச் சான்று, தற்காலிக மின்இணைப்பு இரண்டும் விழாவுக்கு எப்படியும் வாங்குவீர்கள். வைஃபைக்கு என்று தனி மின்சுமை பெரிதாக இல்லை, ஒரு யுபிஎஸ் மட்டும் சேருங்கள்.

ஸ்பான்சர் பெயரோடு "இலவச வைஃபை" பேனரைச் சாலையோரம் கட்டுவது விளம்பரப் பலகைக் கணக்கில் வரும், அதற்கு வேறு அனுமதி. 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்த பிறகு இதில் யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை, மூடிக்கொள்ளவும் கூடாது. கியூஆர் பலகைகளை திடலுக்குள், கடை முகப்பில் வையுங்கள்.

பொங்கல் விழா என்றால் நவம்பர் தொடக்கத்திலேயே மண்டல அலுவலகக் கடிதத்தைக் கையில் வாங்கிவிடுங்கள். போலீஸ், மின்வாரியம், இணைய நிறுவனம் மூவரும் முதலில் கேட்பது அந்தக் கடிதத்தின் நகலைத்தான். கம்பம் நிறுத்தும் முன்பும் எடுத்த பின்பும் தரையைத் தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். வைப்புத்தொகையைத் திரும்பக் கேட்கும்போது மனுவோடு அதையும் இணைக்கலாம்.