மருந்து அடிக்கும் கூலி வேலைக்குப் போகும் என் அப்பாவுக்குப் பாதுகாப்புக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

முதலில் மாஸ்க்கைத்தான் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். பெரம்பலூர் பக்கம் எங்களுக்கு மானாவாரிப் பருத்தி. முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு நல்ல மாஸ்க் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டு சால் போய்விட்டு, மூச்சு முட்டுகிறது என்று கழற்றி வேப்பங்கிளையில் மாட்டினார். அது அங்கேயே வெளுத்துப்போனது.

மாஸ்க் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வயலில் மருந்து உடம்புக்குள் போவது மூக்கைவிடத் தோல் வழியாகத்தான் அதிகம். எல்லா இடத்துத் தோலும் ஒன்றில்லை. பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை மனிதர்களின் தோலில் தடவிப் பார்த்த பழைய ஆய்வு ஒன்று உண்டு. முன்கையில் 1 பங்கு ஏறினால், நெற்றியில் 4 பங்கு, விதைப்பையில் கிட்டத்தட்ட 12 பங்கு. எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்: மருந்துக் கையோடு ஒன்றுக்குப் போகக் கூடாது. போய்விட்டு வந்து கழுவுவது எல்லாருக்கும் பழக்கம். மருந்து அடிப்பவர் போவதற்கு முன்னாலேயே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அதனால் நீங்கள் வாங்க வேண்டிய முதல் சாமான் வரப்பில் வைக்க ஒரு தண்ணீர் கேனும் ஒரு சோப்பும்தான்.

அடுத்தது கையுறை. டேங்க்கில் கலந்த பிறகு இருப்பதைவிட, பாட்டிலைத் திறந்து மூடியில் அளந்து ஊற்றும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்து, அப்போது கையில் படுவது கலக்காத மருந்து. துணிக் கையுறை வேண்டாம், அது ஊறிக்கொள்ளும். தடித்த நைட்ரைல் அல்லது ரப்பர் கையுறை நல்லது. முகத்தில் கட்டும் துண்டும் இதே கதைதான். நனைந்துவிட்டால் மருந்தை வாயோரமே பிடித்து வைத்திருக்கும்.

டேங்க் ஒழுகினால் முதுகு நனையும். எங்கள் ஊரில் பாதிப் பேர் டேங்க் ஒழுகத்தான் செய்கிறது. வாஷர் விலை ரொம்பக் குறைவு, மாற்றிக் கொடுங்கள். முதுகுக்கும் டேங்க்குக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைக் கட்டிவிடுங்கள். உடம்பு முழுக்க மூடும் கோட் நம் வெயிலில் யாரும் போடமாட்டார்கள், அதில் காசைப் போடாதீர்கள். முழுக்கைச் சட்டை, பேன்ட், இந்த வேலைக்கென்று தனியாக இரண்டு செட் போதும். காலையிலேயே, காற்றுக்கு முதுகைக் காட்டி அடிக்கச் சொல்லுங்கள். செடி உயரமாகிவிட்டால் இன்னும் கவனம் வேண்டும். 2017இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்களில் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த வருடம் செடி ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

அப்புறம் வீடு. அந்தச் சட்டையை யார் துவைக்கிறார்கள்? எங்கள் வீட்டில் அம்மா. பல வருடம் எங்கள் பள்ளிச் சீருடையோடு சேர்த்தே ஊற வைத்திருக்கிறார். இப்போது தனி வாளி, வாசல் கல்லில் தனியாக இரண்டு அலசு, நல்ல வெயிலில் காயப்போடுவது. மருந்து அடித்த மறுநாளே களையெடுக்கவோ பஞ்செடுக்கவோ போகும் பெண்களுக்குக் கையுறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எப்போது அடித்தது என்று கேட்டுவிட்டு இறங்கச் சொல்லுங்கள்.

காலி டப்பாவைக் கழுவி எண்ணெய், தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள். 2013இல் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து. பருத்திக்காரர்களுக்கு இந்தப் பெயரைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டை போட்டு நசுக்கிவிட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று, இதற்குக் காசே வேண்டாம். என் சித்தப்பா ஒருநாள் அடித்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் வழிந்தது, கண்பாப்பா குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெயில் தாக்கிவிட்டது என்று மோர் கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “என்ன மருந்து?” எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணன் டிவிஎஸ் 50இல் திரும்பிப் போய் வரப்பில் கிடந்த பாட்டிலைத் தேடி எடுத்து வந்தான். அறிகுறிகளைப் பார்த்து அவன் வருவதற்கு முன்பே அட்ரோபின் என்ற விஷமுறிவு மருந்தைப் போட ஆரம்பித்துவிட்டார்கள், சித்தப்பா பிழைத்தார். அன்றிலிருந்து மருந்து கலக்கும் முன் லேபிளை, விஷம் எவ்வளவு கடுமை என்று காட்டும் அந்தச் சிவப்போ மஞ்சளோ முக்கோணம் தெரியும்படி, போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் அப்பா பாட்டிலைத் திறக்கிறார். பாதி போட்டோவில் அவர் கட்டைவிரல்தான் இருக்கும், ஆனாலும் பெயர் தெரியும்.