பையை மாற்றும் முன் கிழிந்த பையைப் பாருங்கள்

கேள்வி: அனல்மின் நிலையச் சாம்பலைச் சேர்த்து வைக்கும் சைலோவின் (உயரமான தொட்டி) உச்சியில், வெளியேறும் காற்றின் தூசியைப் பிடிக்கும் பேக் ஃபில்டரில் துணிப் பைகள் நாலு மாதம்கூடத் தாங்குவதில்லை. பாலியெஸ்டரை விட்டு விலை கூடிய துணிக்குப் போகலாமா?

இப்போதைக்குப் போக வேண்டாம். கங்கைகொண்டான் பக்கம் சிமென்ட் அரைக்கும் யூனிட் ஒன்றில் பதினோரு வருஷமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். நானும் முதலில் துணியைத்தான் திட்டினேன்.

பாலியெஸ்டர் நீடில் ஃபெல்ட் (நெய்யாமல் ஊசியால் குத்தி இறுக்கிய தடித்த துணி) காய்ந்த காற்றில் 130 டிகிரி வரை தாங்கும். தூத்துக்குடியிலிருந்து பல்கர் டேங்கர் லாரியில் வந்து சைலோவுக்கு ஏறும் சாம்பலில் அவ்வளவு சூடு ஏது? விலை கூடிய நோமெக்ஸ் 200 டிகிரிக்கான துணி. சாம்பல் சைலோவுக்கு அதைப் போடுவது சித்திரை வெயிலில் கம்பளி போர்த்துகிற கதை.

ஒரு ஐப்பசி மழையில் எங்கள் பைகளில் சாம்பல் அடை போலப் பிடித்துவிட்டது. பைக்கு உள்ளும் வெளியும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 100 மில்லிமீட்டர் தண்ணீர் அளவில் நிற்கும். அன்று 250-ஐத் தாண்டியது. சப்ளையரோடு சண்டை போட்டு வாங்கிய புதுப் பைகளும் மூன்று வாரத்தில் அதே கதி. ரிட்டயர் ஆகவிருந்த ஃபிட்டர் அண்ணாச்சி மேலே ஏறி வந்தார். பை பக்கமே திரும்பவில்லை. பைகளை உதறக் காற்று கொடுக்கும் ஏர் ஹெட்டர் குழாய்க்கு அடியில் இருந்த டிரெயின் வால்வைத் திறந்தார். குபுகுபுவென்று கால் வாளித் தண்ணீர். "பைக்குக் காத்து அடிக்கீரா, வாசல் தெளிக்கீராவே?" என்றார். பையை உதற 5, 6 பார் அழுத்தத்தில் அடிக்கிற ஒவ்வொரு பல்ஸிலும், அதாவது காற்று வீச்சிலும், ஈரம் போயிருக்கிறது. துணி என்ன செய்யும்? இப்போது ஷிஃப்டுக்கு ஒரு தடவை காற்றுத் தொட்டியான ரிசீவரையும் ஹெட்டரையும் வடிக்கிறோம்.

அடைக்காமல் கிழிகிறது என்றால், கிழிந்த பையைக் குப்பையில் போடாமல் விரித்துப் பாருங்கள். பைக்குள் நிற்கும் கம்பிக்கூடான கேஜின் கம்பி படும் இடங்களில் நெடுக ஓட்டை இருந்தால் கம்பி துருப்பிடித்திருக்கும், அல்லது பை தொளதொளவென்று இருக்கும். வாய்ப்பக்கம் போயிருந்தால் பல்ஸ் காற்று நடுவில் இறங்காமல் ஓரத்தில் அடிக்கிறது. அடிப்பக்கம் என்றால் பக்கத்துப் பையோடு உரசுகிறது.

அப்புறம், பல்ஸை அளவுக்கு மேல் அடிக்காதீர்கள். பதநீர் வடிக்கிற பன்னாடை மாதிரி துணியின் ஓட்டைதான் தூசியைப் பிடிக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். துணிமேல் படிகிற மெல்லிய சாம்பல் அடுக்குதான் அடுத்து வருவதைப் பிடிக்கிறது. அதை உதறி உதறி எடுத்தால் நுண்தூசி ஃபெல்ட்டுக்குள்ளேயே புகுந்து அடைத்துக்கொள்ளும்.

ஏற்றுகிற குழாயின் வளைவுகளிலும் அடிக்கடி ஓட்டை விழுகிறதா? அப்படியென்றால் காற்று வேகம் தேவைக்கு மேல் போகிறது. அந்த உபரிக் காற்றையும் உங்கள் பைகள்தான் வெளியே விட வேண்டும்.

எனக்கு உங்கள் விஷயத்தில் பெரிய சந்தேகம் பல்கரின் கடைசி ஐந்து நிமிஷத்தின் மேல்தான். டேங்கில் சாம்பல் இருக்கும்வரை குழாயில் காற்று தடைபட்டு வரும். சாம்பல் தீர்ந்ததும் மிச்ச அழுத்தம் முழுவதும் ஒரே வீச்சாக சைலோவுக்குள் பாயும். மேலே சேஃப்டி வால்வு தூக்கிக்கொண்டு சாம்பல் புகைந்தால் சந்தேகமே வேண்டாம். ஹோஸ் துள்ள ஆரம்பித்ததும் டிரைவர் வால்வைப் பாதி மூட வேண்டும். எங்கள் யூனிட்டில் கீழே ஒரு ஆளை இதற்கென்றே நிறுத்துகிறோம். "இருட்டதுக்குள்ள தூத்துக்குடி போவணும் அண்ணாச்சி" என்று டிரைவர்கள் முனகத்தான் செய்கிறார்கள். பத்து நிமிஷம் கூட ஆகும், ஆகட்டும்.