கை மரத்துப்போகும்போது

வணக்கம் ஐயா,

சேலத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு டிடிபி கடையில் தமிழ் டைப்பிங் வேலை பார்க்கிறேன். மனு, பத்திரம், கல்யாணப் பத்திரிகை என்று காலையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி ஆகிவிடும். சில மாதங்களாக இரண்டு கையிலும் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகின்றன. நடுராத்திரியில் எழுந்து கையை உதறினால்தான் உணர்வு வருகிறது. தைலம் தேய்த்துப் பார்க்கிறேன். வேலையை விடாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

கே., சேலம்

அன்புள்ள கே.,

வேலையை விட வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

நீங்கள் சொல்லும் மூன்று விரல்களுக்கும் ஒரே நரம்புதான் போகிறது. மணிக்கட்டில் ஒரு குறுகலான பாதை வழியாக, விரலை மடக்கும் தசைநாண்களோடு நெருக்கிக்கொண்டு அது வருகிறது. நாண்கள் வீங்கினால் நரம்பு நசுங்கும். இதைத்தான் கார்பல் டனல் என்கிறார்கள். சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு; அதை நீங்கள் குறிப்பிடவில்லை என்பதைக் கவனித்தேன். ஆனாலும் கழுத்துப் பிரச்சினையிலும் கை மரக்கும். சர்க்கரை, தைராய்டு இருந்தாலும் இது வரும். அதனால் ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் நரம்புச் சோதனை எல்லாம் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். செலவுக்கு யோசித்தால் நம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை இருக்கிறது. தைலம் இதமாக இருக்கும், நரம்பின் நெருக்கத்தைக் குறைக்காது. கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறது, கட்டைவிரல் அடிச்சதை வற்றுகிறது என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். நரம்பு ரொம்பக் கெட்டுவிட்டால் பழைய உணர்வு முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

தூக்கத்தில் மணிக்கட்டு நமக்குத் தெரியாமலே மடங்குவதால்தான் ராத்திரியில் அதிகம் மரக்கிறது. மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை மெடிக்கலில் கிடைக்கும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கட்டிப் படுங்கள்.

கடையில் முதல் வேலையாக, கீபோர்டின் அடியில் இருக்கும் இரண்டு குட்டிக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்திருந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளைந்தே இருக்கும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மேஜை விளிம்பில் கையை ஊன்ற விடமாட்டார்கள். கண்டிப்பென்று தோன்றினாலும் சரியான கண்டிப்பு அது. அந்த மெஷினில் ஒவ்வொரு வரிக்கும் கேரியேஜைத் தள்ள வேண்டும், பக்கத்துக்குப் பக்கம் தாள் மாற்ற வேண்டும், அந்த நேரம் விரல்களுக்கு ஓய்வு. கம்ப்யூட்டரில் அது தானாக வராது. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். வலி வந்தபிறகு அல்ல, வருவதற்கு முன்பே.

அப்புறம், எந்த முறையில் தமிழ் அடிக்கிறீர்கள் என்று எழுதவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறீர்கள் என்றால் அதை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நம்மூர் 'பள்ளப்பட்டி'க்கு அதில் 11 தட்டு. பல மென்பொருளில் 'ள' வர ஷிப்டையும் அழுத்த வேண்டும். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ்99' கீபோர்டு முறையில் அதே சொல்லுக்கு 8 தட்டு போதும், புள்ளி தானே விழும். நாள் முழுக்கப் பத்திரம் அடிப்பவருக்கு இது சின்ன மிச்சமில்லை. ஒன்று மட்டும்: அதில் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் இருப்பதால் அந்தக் கைக்குப் பாரம் கூடும். மௌஸை இடக்கைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழகும்வரை வேகம் குறையும், அதனால் முகூர்த்த மாதத்தில் தொடங்க வேண்டாம். ஆடியில் தொடங்குங்கள். அப்போது கல்யாணப் பத்திரிகை குறைவு, கோட்டை மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ்களோடு சரி.

முதலாளியிடம் மறைக்காதீர்கள். அடிக்கடி வரும் பத்திர வாசகங்களை மாதிரியாகச் சேமித்துவைக்கவும், நீளமான மனுக்களை போனில் பேசியே டைப் செய்து பிறகு திருத்தவும் அனுமதி கேளுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.