இனிப்புச் சோளம் ஏன் இனிக்கவில்லை?

கேள்வி: ஐயா, 'சூப்பர் ஸ்வீட்' என்று போட்ட விதைப் பொட்டலம் வாங்கி, லயத்துக்குப் பின்னால் ஒரே வரிசையாக நட்டேன். செடி நன்றாக வந்தது. ஆனால் கதிரை அவித்தால் பாதி மணி இனிக்கிறது, பாதி மாவாகக் கடிபடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா ஜாகோங் பூலுட், அதுதான் பிசுபிசுவென்று ஒட்டும் சோளம், போட்டிருக்கிறார். உரம் போதவில்லையா, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
- ஒரு வாசகி, சுங்கை சிப்பூட்

பதில்: கடைக்காரர் பாவம், அவரை விட்டுவிடுங்கள் அம்மா. உரமும் காரணமில்லை. கோழி எருவைக் கொட்டினால் கதிர் பெருக்கும், இனிப்பு ஏறாது. அக்காவின் பூலுட் என்று படித்ததுமே எனக்கு விளங்கிவிட்டது.

கதிர் நுனியில் தொங்கும் மீசையில் ஒவ்வொரு இழையும் ஒரு மணிக்குப் போகிறது. எந்த இழையில் யார் வீட்டு மகரந்தம் விழுகிறதோ, அந்த மணி அந்த வீட்டுக் குணத்தையும் வாங்கிக்கொள்ளும். சூப்பர் ஸ்வீட்டில் சர்க்கரையை மாவாக்கும் மரபணு ஒன்று வேலை செய்யாது. அதனால்தான் அந்தத் தித்திப்பு. தாய், தந்தை இரண்டு பக்கமும் அந்தக் குறை இருந்தால்தான் மணி இனிக்கும். பூலுட் மகரந்தம் விழுந்தால் குறை நீங்கிவிடும், மணியும் மாவு கட்டிவிடும். அக்காவுக்கும் நஷ்டம்தான்: உங்கள் மகரந்தம் விழுந்த மணியில் அவருடைய பூலுட்டின் பிசுபிசுப்பு போய்விடும். கேட்டுப் பாருங்கள், அவரும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருப்பார்.

சந்தேகமிருந்தால் ஒரு கதிரைப் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு உரித்துப் பாருங்கள். சுத்தமான சூப்பர் ஸ்வீட் மணி வற்றி ஒடுங்கி, எடையே இல்லாமல் இருக்கும். கலப்பு மணி உருண்டு, மொழுமொழுவென்று நிற்கும்.

75 மீட்டர் தள்ளி நடச் சொல்வார்கள். லயத்தில் அதற்கு எங்கே போவது? அக்காவிடம் பேசி, இரண்டு சோளமும் பூக்கும் காலத்துக்கு நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி வருகிற மாதிரி நடுங்கள். ஒரே வரிசையும் வேண்டாம், நாலு குட்டை வரிசையாகக் கட்டம் கட்டி நடுங்கள். சொந்த மகரந்தம் சொந்தக் கதிரிலேயே விழும். விதையை ஆழப் புதைக்காதீர்கள். மாவு குறைந்த விதை என்பதால் அதற்குத் தெம்பு கம்மி, தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும்.

கேள்வி: அந்தக் காலத்து இனிப்புச் சோளம் வேறு, இப்போதையது வேறு என்கிறாரே என் மாமனார்?
- ஒரு வாசகர், பீடோர்

பதில்: சரியாகத்தான் சொல்கிறார். பழைய ரகத்தில் இனிப்பு மிதம். ஆனால் மணிக்குள் பால்கோவா மாதிரி ஒரு குழைவு இருக்கும். எனக்கு இன்னும் அதுதான் பிடிக்கும். அதன் தொல்லை, பறித்ததும் சர்க்கரை மாவாக மாறத் தொடங்கிவிடுவது. நம்மூர் வெயிலில் ஒரே நாளில் பாதி இனிப்பு காணாமல் போகும். காலையில் பறித்ததை மறுநாள் பசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்க முடியாது.

1950களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்பவர், வற்றிய மணிச் சோளத்தை வாயில் போட்டுப் பார்த்து அதன் இனிப்பைக் கவனித்தார். அதிலிருந்து வந்ததுதான் சூப்பர் ஸ்வீட். சர்க்கரை அதிகம், நாள்கணக்கில் தாங்கும், மணி மொறுமொறுப்பு, குழைவு குறைவு. வெப்ப நாடுகளுக்கென்று ஹவாயில் பிரூபேக்கர் வேறொரு மரபணுவை வைத்தும் சூப்பர் ஸ்வீட் உண்டாக்கினார். பழைய ரகத்துக்கும் சூப்பர் ஸ்வீட்டுக்கும் நடுவில் இன்னொரு வகை உண்டு: பழையதன் குழைவு இருக்கும், இனிப்பு அதைவிடக் கூடுதல்.

கேள்வி: கேமரன் மலையில் விற்கும் வெள்ளைச் சோளம்தான் அதிக இனிப்பாமே?
- ஒரு வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: நம்ம ஊர்க்காரரா! நிறத்துக்கும் இனிப்புக்கும் சம்பந்தமில்லை அம்மா. முத்துச் சோளம் என்று விற்கும் அந்த வெள்ளைச் சோளம் சூப்பர் ஸ்வீட் ரகம், அதனால் பச்சையாகவே தின்னலாம். மஞ்சளிலும் அதே இனிப்பு கிடைக்கும், கண்ணுக்கு நல்லதென்று சொல்லும் லூட்டீனும் அதில்தான் அதிகம். வாங்கும்போது நிறம் பார்க்காமல், மேல் மடலைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் கிள்ளுங்கள். பால் தெறித்தால் பக்குவம். பசையாக வந்தால் முற்றல், கஞ்சிக்கு ஆகும்.