நாசிக் ஒயின் டேஸ்டிங்: மிச்சம் வைத்தால் தப்பா?

வணக்கம் சகோ. பிப்ரவரியில் மனைவியோடு நாசிக் போகிறீர்கள், சின்ன ஒயின் ஆலை ஒன்றில் டேஸ்டிங் பதிவு செய்திருக்கிறீர்கள். மனைவி குடிக்கமாட்டார், உங்களுக்கும் 2 கிளாஸுக்கு மேல் தாங்காது. ஊற்றியதை மிச்சம் வைத்தால் மரியாதைக் குறைவாகுமா என்று கேட்டிருந்தீர்கள்.

நிச்சயமாக ஆகாது. ஒயின் தயாரிப்பவர்களே வேலை நேரத்தில் துப்பித்தான் சுவை பார்க்கிறார்கள். அதற்கென்றே ஒரு ஜாடி வைத்திருப்பார்கள், மீதியையும் அதில் ஊற்றிவிடலாம். கண்ணில் படவில்லை என்றால் தயங்காமல் கேளுங்கள்.

பெரும்பாலும் வெள்ளையில் தொடங்கிச் சிவப்புக்குப் போவார்கள். செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் லேசான புளிப்போடு இறங்கிவிடும். அப்புறம் ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் வரும்போது ஒரே ஒரு வாய், நாக்கில் உருட்டிப் பாருங்கள். நாவல்பழம் தின்ற மாதிரி ஈறெல்லாம் இழுத்துப் பிடிக்கும். அந்தத் துவர்ப்பு திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வருகிறது. வெள்ளை ஒயினுக்குச் சாற்றைப் பிழிந்ததும் தோலை எடுத்துவிடுவதால் அது அவ்வளவாகத் தெரியாது. எனக்கு ஒயின் பிடிபட்டதே இந்த வித்தியாசத்தில்தான்.

மனைவிக்கும் பார்க்க நிறைய இருக்கிறது. பிப்ரவரி அங்கே அறுவடைக் காலம், ஆலையைச் சுற்றிக்காட்டச் சொல்லுங்கள். வெள்ளை ஒயின் நொதிக்கும் எஃகுத் தொட்டியில் கை வைத்தால் ஜில்லென்றிருக்கும்.

சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சென்ட் போட வேண்டாம், ஒயினின் மணம் தெரியாமல் போகும். துப்பினாலும் கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும், அதனால் நீங்கள் வண்டி ஓட்டவே கூடாது. மனைவி ஓட்டுவார் என்றால் சரி, இல்லையென்றால் டிரைவரோடு கார் பேசிவிடுங்கள்.