மேடே இல்லாத வயல்வெளிச் சாலையில் சைக்கிள் ஓட்டினாலும் கால் ஓய்ந்துபோவது ஏன்?

நெல்வயல் நடுவே சாலை தட்டையாகத்தான் இருக்கிறது, ஆனாலும் மலையேறியது போல வலிக்கிறதே என்று கேட்கிறீர்கள். காரணம் பெரும்பாலும் காற்றுதான். திறந்த வயலில் அதைத் தடுக்க மரமோ வீடோ அதிகம் இருக்காது. மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகும்போது 10 கி.மீ. எதிர்க்காற்று வீசினால், காற்றுத்தடை ஏறக்குறைய இரு மடங்காகிவிடும்; தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால் வரும் வினை இது. அப்புறம், இறக்கமே இல்லாததால் பெடலை நிறுத்த வழியில்லை, சீட்டிலிருந்து எழவும் தோன்றாது. வேகமானியை மறந்துவிட்டு, கியரைக் குறைத்து, உடம்பைத் தாழ்த்தி மிதியுங்கள். துணைக்கு ஆள் இருந்தால் முறைவைத்து ஒருவர் பின்னால் ஒருவர் போகலாம். முடிந்தால் போகும்போதே எதிர்க்காற்றைச் சமாளித்துவிடுங்கள். திசை மாறாதிருந்தால், களைத்துத் திரும்பும்போது அதுவே முதுகைத் தள்ளும்.